எங்கள் வீட்டு ஓட்டில் 1865

ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மாயவரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் பூர்வீக வீட்டைப் பற்றி முன்பு எழுதியபோது, அதற்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் மார்தட்டியே எழுதிய ஞாபகம். அது தப்பு. வீட்டுக்கு நூறு முடிந்ததா என்பதே சந்தேகம்தான். எங்கே தவறினேன், பிறகு எப்படிச் சரியான காலத்துக்கு வந்து சேர்ந்தேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். இப்போதே எழுதுவதற்குக் காரணம், இந்தத் தை மாதத்துக்குப் பிறகு அந்த வீடு இருக்குமா என்று தெரியவில்லை.

என் பழைய கணக்குக்கு இருந்த ஒரே ஆதாரம் ஓர் ஓடு. குரங்கு தள்ளிவிட்டு முற்றத்தில் விழுந்தது, அதிசயமாக உடையவில்லை. கழுவித் திருப்பிப் பார்த்தால் ஆங்கிலத்தில் பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ் என்று பொறித்திருந்தது. கூடவே 1865. நமக்குத்தான் தேதியைப் பார்த்தால் போதுமே, லாக் ஃபைலில் டைம்ஸ்டாம்ப் கிடைத்த மாதிரி கேஸை மூடிவிட்டேன்.

அதைப் படித்துவிட்டு என்னோடு வேலை பார்த்த கேரளத்து நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "எங்க வீட்டு ஓட்டுலயும் 1865தான் இருக்கு. ஆனா வீடு எங்க தாத்தா கல்யாணத்துக்கு முன்னாடி, 1910 வாக்குல கட்டினது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அது ஓடு சுட்ட வருஷம் இல்லை, தொழிற்சாலை தொடங்கிய வருஷம். மிட்டாய்க்கடை போர்டில் 'ஸ்தாபிதம் 1951' என்று போட்டிருந்தால், தட்டில் இருக்கிற மைசூர்பாகு 1951இல் கிண்டியது என்று சொல்வோமா? நான் சொல்லியிருக்கிறேன்.

சரி, அந்த 1865இலிருந்தே தொடங்குவோம்.

பாசல் மிஷன் என்பது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷன். 1834இல் மங்களூருக்கு வந்தார்கள். அங்கே மதம் மாறியவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. சாதியை விட்டு வந்தால் சாதித் தொழிலும் போய்விடும், சில சமயம் இருக்கிற குடிசையும் போய்விடும். அவர்களுக்குச் சோறு போட ஏதாவது வேலை வேண்டும். நெசவு, அச்சகம் என்று பலதையும் முயன்றார்கள். மிஷனின் அச்சகத்தோடு தொடர்புடைய ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணை எடுத்துச் சோதித்துப் பார்த்து, 1865இல் மங்களூர் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஓட்டின் வடிவம் அவர் கண்டுபிடித்தது இல்லை. ஒன்றோடொன்று பள்ளமும் மேடுமாகப் பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு 1841லேயே பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அல்சாஸ் வடிவம், ஜெர்மன் மெக்கானிக், சுவிஸ் மிஷன், நேத்ராவதி மண், வேலையிழந்த மங்களூர்க்காரர்களின் கை. இத்தனையும் சேர்ந்ததுதான் நாம் இன்று 'நம்ம பாரம்பரிய ஓட்டு வீடு' என்று போட்டோ எடுத்துப் போடுவது.

ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சீமை ஓடு. சீமெண்ணெய், சீமைப்பசு, சீமைக்கருவேலம் மாதிரி. மங்களூரிலிருந்து வந்தாலும் சீமை ஓடுதான். அது வருவதற்கு முன்னால் இருந்தது நாட்டு ஓடு. வேளார்கள் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, சுட்டுத் தருவது. அதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வேய வேண்டும், பாரமும் அதிகம். பூனை நடந்தாலே நகரும். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் ஆள் விட்டுப் பிரித்து அடுக்கவேண்டும். சீமை ஓடு இந்த வருஷாந்திரத் தொல்லையைக் குறைத்தது. ஒரே அடுக்கு, தானாகப் பூட்டிக்கொள்ளும். அடியில் கொடுக்கிற மரமும் குறைந்தால் போதும். மங்களூரில் பலரும் இந்தத் தொழிலில் இறங்கிவிட்டார்கள். அல்புகர்க் பெயர் போட்ட ஓட்டில் 1868 என்று இருக்கும். அதுவும் நம்ம மிட்டாய்க்கடைக் கணக்குதான், ஏமாற வேண்டாம்.

இனிமேல்தான் என் துப்பு துலங்கிய இடம். முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் இந்தியாவில் ஜெர்மானியர்கள் எதிரிகளாகிவிட்டார்கள். பாசல் மிஷனின் வியாபாரச் சொத்துக்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. போர் முடிந்த பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அதே மண், அதே அச்சு, முத்திரை மட்டும் மாறிவிட்டது. அப்படியானால் காமன்வெல்த் முத்திரை போட்ட ஓடு போருக்கு முன்னால் எந்தக் கூரையிலும் ஏறியிருக்க முடியாது.

போன மே மாதம் ஊருக்குப் போய், ஓடு மாற்ற வந்த பெரியவரோடு நானும் ஏணியில் ஏறி முன்கட்டுக் கூரையில் பாதியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். கீழே நின்ற சித்தப்பா, "ஐ.டி.ல வேலை போயிருச்சாடா?" என்று கேட்டார். பெரும்பாலானவை காமன்வெல்த். அங்கங்கே பாசல் மிஷன். நான்கைந்து வேறு பெயர்கள், எல்லாம் பின்னால் உடைந்ததற்குப் போட்டவை. என் கையில் முதலில் விழுந்தது அந்தச் சிறுபான்மையில் ஒன்று, அவ்வளவுதான். பழைய ஓட்டைக் கழற்றி விற்பதும் வாங்கிப் போடுவதும் எப்போதும் உள்ளதுதானே.

ஆனால் ஓடு சொல்வது கூரையின் வயதைத்தான், சுவரின் வயதை இல்லை. பழைய சுவருக்குப் புதுக் கூரை போட்டிருக்கலாம். ஆகவே அடுத்த சாட்சி, பத்திரம். சித்தி பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், 1923. என் கொள்ளுத்தாத்தா இந்த இடத்தைக் கிரயம் வாங்கியது. நான்கெல்லை விவரத்துக்குக் கீழே 'மேற்படி மனையும் அதிலடங்கிய கூரை வீடும் கிணறு ஒன்றும் தென்னை நான்கும்' என்று போகிறது. கூரை வீடு! அதாவது கீற்றோ வைக்கோலோ வேய்ந்தது. நாங்கள் இருக்கிற வீடு 1923இல் அந்த மனையில் கிடையவே கிடையாது. என் நூற்றைம்பது வருஷப் பெருமை அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது.

மூன்றாவது சாட்சியை நாங்களே வாயை அடைத்து வைத்திருந்தோம். வாசல் முகப்பில் சுதையில் ஏதோ எழுத்து இருந்தது என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். 1994இல் அப்பா பி.எஃப். லோன் போட்டு, சுவர் உதிர்கிறது என்று வீடு முழுக்க சிமெண்ட் பூசினார். எழுத்தும் உள்ளே போய்விட்டது. அப்பாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. அன்றைக்கு அந்தத் தெருவில் சிமெண்ட் பூச்சு என்றால் வீட்டுக்கு நல்லது செய்வது, பெற்றவர்களுக்குச் செய்கிற மரியாதை. ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் ஆகாது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி எடுத்த சுண்ணாம்பு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி வருஷக்கணக்கில் மெதுவாகக் கல்லாக மாறுகிறது. அந்தச் சுவரில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. அடியிலிருந்து ஏறுகிற ஈரம் அது வழியாக வெளியே போய்விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், பூச்சு பொருமிக்கொண்டு பாளம் பாளமாக விழும், விழும்போது அடியில் உள்ள நல்ல சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு விழும். எங்கள் வீட்டில் இது பத்துப் பன்னிரண்டு வருஷத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்கள் 'முன்னோர் அறிவு' என்று உடனே கிளம்பிவிடுவார்கள். கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று பட்டியல் வரும். அறிவு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் 1920களில் ஒரு கிராமத்துக் கொத்தனாருக்கு வேறு வழியும் அதிகம் கிடையாது. இந்தியாவில் சிமெண்ட் வியாபார அளவில் நிலைத்து உற்பத்தியானது 1914இல், குஜராத்தின் போர்பந்தரில். எங்கள் பக்கத்துக்குக் கிட்டத்தில் டால்மியாபுரம் ஆலை வந்தது 1939இல். கையில் இருந்தது சுண்ணாம்பு, அதை நன்றாகச் செய்தார்கள். சிமெண்ட் கிடைத்திருந்தால் என் கொள்ளுத்தாத்தாவே முதல் ஆளாக மூட்டை வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். புதுசு என்றால் விடுகிற ஆளாகத் தெரியவில்லை, சீமை ஓடு போட்டிருக்கிறாரே.

முகப்பில் பாளம் பெயர்ந்திருந்த இடத்தில் சித்தப்பா பையன் உளியை மெதுவாகக் கொடுத்து மீதியை எடுத்தான். 'ஸ்ரீ' வந்தது. அதற்குக் கீழே தமிழ் எண்களில் ௧௯௨. நான்காவது இலக்கம் சிமெண்டோடு வந்துவிட்டது. அப்பா கல்யாண போட்டோ ஒன்றில் முகப்பு தெரிகிறது, சரியாக அந்த இடத்தை மறைத்துக்கொண்டு மாவிலைத் தோரணம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஸ்கேன் பண்ணிப் பெரிசாக்கியும் பார்த்தேன். மாவிலைதான் தெளிவாகத் தெரிகிறது. போகட்டும். 1923க்கும் 1929க்கும் நடுவில். இதற்கு மேல் நுணுக்கமாகத் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

காலம் தெரிந்தவுடன் அடுத்த கேள்வி தானாக வந்தது. கூரை வீடு இருந்த மனையில் ஆறேழு வருஷத்துக்குள் கூடத்தில் எட்டுத் தேக்குத் தூண் நிறுத்த எங்கிருந்து பணம்? நிலம் அப்போது ஒன்றரை வேலிகூட இல்லை.

பணம் வந்த இடத்திலிருந்துதான் தேக்கும் வந்தது. பர்மா. கொள்ளுத்தாத்தா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டி இப்போதும் பரண்மேல் இருக்கிறது, கூடவே அரக்குப் பூச்சுப் பூசிய பர்மா வெற்றிலைச் செப்பு ஒன்றும். பிரிட்டிஷார் பர்மாவை மூன்று போர்களில் துண்டு துண்டாக எடுத்தார்கள். 1826இல் தெனாசரிம் கரை, 1852இல் கீழ் பர்மா, 1885இல் மீதி. அந்தக் கடைசிப் போருக்குச் சாக்காக வந்ததே ஒரு தேக்குத் தகராறுதான். பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதாக மாண்டலே அரசவை அபராதம் போட்டது, பிரிட்டிஷ் படை கிளம்பிவிட்டது. கீழ் பர்மாவில் ஐராவதி டெல்டாவைக் காடழித்து நெல் வயலாக்கினார்கள். அந்த நெல்லுக்குக் கடன் கொடுத்தது செட்டியார்கள், மூட்டை தூக்கியது தெலுங்குத் தொழிலாளிகள், கணக்கு எழுதியவர்களில் எங்கள் கொள்ளுத்தாத்தா மாதிரி தஞ்சாவூர் ஜில்லா ஆட்களும் உண்டு. காவிரி டெல்டாவிலிருந்து போய் இன்னொரு டெல்டாவின் நெல்லைக் கணக்கு எழுதி, அந்தச் சம்பளத்தில் இங்கே வீடு. பர்மாத் தேக்கு கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. மாட்டுவண்டி தூரம்தான்.

இதுவரை சொன்னது முன்கட்டு. திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம். வீட்டைப் பார்க்க வருகிற எல்லோரும் போட்டோ எடுப்பது இதைத்தான். ஆனால் சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க நாங்கள் கிடந்தது அங்கே இல்லை. கூடத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போகும்போது ஒரு படி இறங்கவேண்டும். நல்ல உயரமான, அகலமான படி. ஒரு பக்கம் முற்றத்து வெளிச்சம், இன்னொரு பக்கம் அடுப்படி இருட்டு. மே மாத வெயிலிலும் அந்த இடம் சில்லென்று இருக்கும். மாங்காய்க்கு உப்பு தொட்டுக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்போம். அம்புலிமாமா படித்தது, தாயக்கட்டம் ஆடியது, தாத்தா இறந்த அன்றைக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டது எல்லாம் அங்கே. பழைய வீடு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது தூண் இல்லை, அந்தப் படிதான்.

ஓடு எண்ணப் போன சமயத்தில்தான் அந்தப் படி ஏன் அங்கே இருக்கிறது என்று முதல் தடவையாக யோசித்தேன். நாற்பத்தைந்து வயது வரை தோன்றாத கேள்வி. ஒரே வீட்டில் ஒரு கட்டு எதற்கு ஓர் அடிக்கு மேல் கீழே இருக்கவேண்டும்?

நிமிர்ந்து பார்த்தால் பதில் கூரையிலேயே இருக்கிறது. படி வரைக்கும் தேக்குச் சட்டம், அறுத்து இழைத்த ரீப்பர், சீமை ஓடு. படி தாண்டியதும் பனங்கைகள், மூங்கில் பிளாச்சு, நாட்டு ஓடு. முன்கட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், பின்கட்டுச் சுவர் செங்கல்லும் மண் சாந்தும், மேலே மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. அடுப்படியில் ஒரே ஒரு தூண் இருக்கிறது, அது பூவரசு. சரியாக இழைக்கக்கூட இல்லை, கணு தெரியும். முன்கட்டின் பின்சுவரில் உத்தரம் ஏற்ற இரண்டு பொந்து விட்டுப் பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அதே உயரத்தில், அதே தேக்கில் பின்கட்டையும் கொண்டுபோக வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். பொந்து விட்டாயிற்று, உத்தரம் வரவில்லை. இருந்ததை வைத்துத் தாழ்வாக ஒரு கட்டைச் சேர்த்து முடித்துவிட்டார்கள். தரையை மேடாக்க மண்ணடிக்கவும் இல்லை. அதனால் படி.

ஏன் வரவில்லை? எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தார் என்று. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும், லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்ததும், வழியிலேயே ஏராளமானோர் செத்ததும் நிஜம். ஆனால் எங்கள் கொள்ளுத்தாத்தா அதில் இல்லை. அதே மஞ்சள் துணிக்குள் 1933இல் அவர் நிலத்தை அடமானம் வைத்த பத்திரம் இருந்தது. அதில் 'இவ்வூரில் குடியிருந்து விவசாயம் செய்துவரும்' என்று அவரைச் சொல்கிறது. ஜப்பானுக்கு எட்டு வருஷம் முன்னாலேயே வந்தாயிற்று. பெரிய சரித்திரம் ஒன்று கிடைத்தால் நம் குடும்பக் கதையைக் கொண்டுபோய் அதில் சொருகிவிடுகிறோம். நான் 1865இல் சொருகின மாதிரி.

1930தான் அவரைத் திருப்பியிருக்கவேண்டும். அந்த ஒரு வருஷத்தில் பர்மாவில் நடந்தவற்றைப் பாருங்கள். மே தொடக்கத்தில் பெகு நிலநடுக்கம், ரங்கூனிலும் கட்டடங்கள் விழுந்தன. அதே மாதக் கடைசியில் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தம், அதை ஒட்டி இந்தியர்களுக்கு எதிரான கலவரம். டிசம்பரில் சாயா சான் கிளர்ச்சி. இதற்கெல்லாம் அடியில் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை, நிலம் கடன் கொடுத்தவர்களிடம் போனது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம், 1937இல் 25 சதவீதம். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை, பணமாக வராததால் மண்ணாக வந்தது. அந்த மண்ணும் பின்னால் போருக்கும் தேசியமயத்துக்கும் போய்விட்டது. செட்டிநாட்டில் இன்று பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கு முன்னால் நின்றால் இந்தக் கணக்கு ஞாபகம் வராமல் இருக்காது. அந்தக் கிராமங்களை 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கள் வீடு அந்த வரிசையில் நிற்கிற வீடே இல்லை. ஆனால் அங்கே நூறு தூணுக்கு நடந்தது இங்கே எட்டுத் தூணுக்கு நடந்திருக்கிறது. அந்த மந்தம் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்ற இடம் அந்தப் படி. நாற்பது வருஷமாக அதன் மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றிருக்கிறேன்.

சில்லென்று இருந்ததற்கும் காரணம் அதுதான். சீமை ஓடு ஒற்றை அடுக்கு, மெலிசு. நல்ல வெயிலில் கூடம் காயும். நாட்டு ஓடு நாலைந்து அடுக்கு, நடுவில் காற்று. பணம் இருந்தபோது கட்டிய பக்கம் சுடும், இல்லாதபோது கட்டிய பக்கம் குளிரும்.

இப்படி எழுதும்போதே பெரியத்தை ஞாபகம் வருகிறது. தாத்தாவின் அக்கா. வீட்டில் எல்லோரும் பெரியத்தை என்றதால் எனக்கும் பெரியத்தைதான். பதினாறு வயதில் தாலியறுத்து வந்தவர், சாகும்வரை இரண்டாம் கட்டிலேயே இருந்தார். நல்ல காரியம் எதுவென்றாலும் படியைத் தாண்டிக் கூடத்துக்கு வரமாட்டார். வரக்கூடாது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, வரச்சொல்லியும் கேட்டதில்லை. அப்பாவின் கல்யாண போட்டோவில் தோரணத்துக்குப் பின்னால் இல்லாத நான்காவது இலக்கத்தைத் தேடினேனே, அதே போட்டோவில் பெரியத்தையையும் தேடிப் பார்த்தேன். இல்லை. எனக்கு எட்டோ ஒன்பதோ வயதில், "இந்தப் பக்கம்தான் ஜில்லுன்னு இருக்கு பெரியத்தை, நீங்க குடுத்துவெச்சவங்க" என்று சொன்னேனாம். "ஐப்பசில வந்து பாரு. ராத்திரி பூரா ஒழுகற எடத்துக்கெல்லாம் பாத்திரம் வெச்சுட்டு உக்காந்திருப்பேன்" என்றாராம். அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருப்பது சில்லிப்பு மட்டும்.

அதனால்தான் சித்தப்பாவிடம் என்னால் வாதாட முடியவில்லை. அவருக்கு எழுபத்திரண்டு. சித்திக்கு முட்டி போய்விட்டது, ராத்திரி கொல்லைக்குப் போக அந்தப் படியை இறங்கி ஏறவேண்டும், போன வருஷம் அதில் விழுந்து கை முறிந்தது. நாட்டு ஓடு செய்ய ஆளில்லை, பிரித்து அடுக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் ஒரே பெரியவர், என்னோடு ஏணியில் நின்றவர். "உனக்கு வருஷத்துல நாலு நாள் வீடுடா இது. எனக்கு முந்நூத்து அறுவத்தஞ்சு நாள்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். தரையோடு தரையாக இரண்டு அறையும் உள்ளேயே பாத்ரூமும் வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். செலவில் பாதி தேக்கிலேயே வந்துவிடும்.

தேக்கு வாங்குகிறவர் நான் இருக்கும்போதே வந்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு இந்த மாதிரித் தூண்கள் போகும் என்றார். அங்கேயிருந்து எங்கேயாவது ரிசார்ட்டுக்கோ, என்னை மாதிரி யாராவது ஃப்ளாட் வரவேற்பறைக்கோ போகலாம். தூணைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார், நூல் பிடித்து அளந்தார். மனுஷர் தொழில் தெரிந்தவர். பூவரசுத் தூணையும் அந்தப் பனங்கைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எரிக்கத்தான் ஆவும்" என்று முடித்துவிட்டார்.

பின்கட்டை மட்டும் இடித்து அங்கே புது அறைகள் கட்டி, முன்கட்டை அப்படியே விடலாமே என்று நானும் தம்பியும் சொல்லிப் பார்த்திருக்கிறோம். செலவைப் பகிர்ந்துகொள்வதாகவும் சொல்லியிருக்கிறோம். சித்தப்பா யோசிக்கிறேன் என்றிருக்கிறார். எனக்கே அதில் ஒரு நெருடல். தேக்கைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, எனக்குப் பிடித்த பக்கத்தை இடிக்க நானே யோசனை சொல்லியிருக்கிறேன்.

இப்போதைக்குச் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன். இரண்டு கட்டையும் டேப் பிடித்து அளந்து வரைபடம் போட்டாயிற்று. அடைத்த பொந்துகளின் அகலம், படியின் உயரம், மூன்று முத்திரை ஓடுகளின் படம் எல்லாம் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். முகப்பின் ௧௯௨ மேல் ஒன்றும் பூசவேண்டாம் என்று சித்தப்பா பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஓர் ஓட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்து பால்கனியில் வைத்திருக்கிறேன். 1865 இல்லை, காமன்வெல்த் போட்டது.

சித்தப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டிருக்கிறேன். எதை இடித்தாலும், கூடத்து உத்தரத்தை இறக்குகிற நாளை எனக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். மரத்தில் சுத்தியலால் குத்திய கம்பெனி முத்திரை இருந்தால் அது சுவருக்குள் போகிற முனையில்தான் மிஞ்சியிருக்கும், வெளியே தெரிவதையெல்லாம் இழைத்துவிடுவார்கள். "சொல்றேன்டா, அதுக்கும் ஏணி எடுத்துட்டு வந்துருவ" என்றார். லீவு மிச்சம் வைத்திருக்கிறேன்.